மாவுக்கட்டுக்காரர் வீட்டு பைக்

பதினெட்டு வருடமாக மருத்துவமனையில் மாவுக்கட்டு போடுகிறேன். எலும்பு டாக்டர் எக்ஸ்ரேயைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போய்விடுவார். துணியை நனைத்துச் சுற்றி, தடவி, காயும்வரை காலைத் தாங்கிப் பிடித்திருப்பது என் வேலை. கதவு திறந்தால் நான் முதலில் பார்ப்பது காலைத்தான். முகத்தைப் பார்த்தால் கை தயங்கும். அதனால் தெருவில் யாராவது சிரித்தால் எனக்கு ஆள் தெரியாது.

வருகிறவர்களில் பாதிக்கு மேல் பைக்கில் விழுந்தவர்கள். இப்படிப்பட்டவன் வீட்டில், பைக் வாங்கியே தீர வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றாள் என் மனைவி.

அவள் பக்கம் நியாயம் இல்லாமல் இல்லை. தையல் தொழிற்சாலையில் பதினோரு வருடம் துணி வெட்டி, இந்த வருடம்தான் வெட்டும் மேசைக்கு மேற்பார்வையாளர் ஆனாள். ஆன கையோடு தொழிற்சாலையை நகரத்தின் மறுகோடிக்கு மாற்றிவிட்டார்கள். போக இரண்டு பஸ், இரண்டு மணி நேரம். வருவதற்கும் அப்படியே. போன மாதம் ஏழு நாள் தாமதம். இந்த மாதமும் இப்படியே என்றால் பொறுப்பை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவதாக மேலாளர் சொல்லிவிட்டார்.

"தம்பி வண்டியிலே ஓட்டக் கத்துக்கிட்டேன். லைசென்ஸும் வாங்கிட்டேன்" என்றாள்.

"எப்போ?"

"நீங்க ஊரார் காலைப் பார்த்துக்கிட்டு இருந்தப்போ."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "இன்னிக்கு மட்டும் ஒன்பது பேருக்குக் கட்டு போட்டேன். அதுல ஆறு பேர் பைக்ல விழுந்தவங்க. தெரியுமா உனக்கு?"

"சரி, உங்ககிட்ட வராதவங்க எத்தனை பேர்?"

இது என்ன கேள்வி? வராதவனை யார் எண்ணுவார்கள்? துண்டை உதறிக்கொண்டு குளிக்கப் போனேன்.

"லீவு நாள்ல ஒரு தடவை எங்க ஃபேக்டரி வாசலுக்கு வந்து பாருங்க. பஸ்ல வாங்க" என்றாள், குளியலறைக் கதவுக்கு வெளியே நின்று.

வியாழக்கிழமை எனக்கு லீவு. மதியம் கிளம்பிப் போனேன். இரண்டாவது பஸ் ஒரே சிக்னலில் நாலு முறை சிவப்பு விளக்கைப் பார்த்தது. இறங்கி நடந்திருக்கலாம்.

அவள் வெளியே வர இன்னும் அரை மணி இருந்தது. சும்மா நிற்பதற்குப் பதில், போகிற பைக்குகளை எண்ணினேன். இண்டு இடுக்கிலெல்லாம் புகுந்து போனார்கள். காய்கறிப் பையோடு ஒருவர். முதுகை நிமிர்த்தி உட்கார்ந்து ஓட்டிய நரைத்த தலை அம்மா ஒருத்தர். முந்நூறோடு எண்ணுவதை நிறுத்திவிட்டேன். அத்தனை காலும் முழுசாக இருந்தது.

ஒருவன் என் அருகில் வண்டியை நிறுத்தி ஹெல்மெட்டைக் கழற்றினான். "அண்ணே, என்னைத் தெரியுதா?"

தெரியவில்லை. சிரித்துக்கொண்டே பேன்ட்டை முழங்கால்வரை சுருட்டினான்.

"அடடே! வலது கால், ரெண்டு இடத்துல முறிவு!" என்றேன். "மறுபடியும் ஓட்டுறியா? பயமா இல்லை?"

"இருக்குண்ணே. அதான் மெதுவா ஓட்டுறேன்."

திரும்பும் பஸ்ஸில் எங்கள் இருவருக்கும் இடம் கிடைக்கவில்லை. என் மனைவி மேல்கம்பியைப் பிடித்துக்கொண்டாள். மூன்றாவது நிறுத்தம் வருவதற்குள், நின்றபடியே தூங்கிவிட்டாள். பிரேக் போட்டபோது தலை கம்பியில் இடித்தது. கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு, மறுபடி மூடிக்கொண்டாள். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. கன்னம் ஒட்டியிருந்தது. இது எப்போதிலிருந்து என்று எனக்குத் தெரியவில்லை. ஒரே வீட்டில் இருந்துகொண்டு தெரியவில்லை. வெட்கமாக இருந்தது.

இறங்கியதும் கேட்டேன். "என்ன கலர் வாங்கலாம்?"

நின்று என்னை மேலும் கீழும் பார்த்தாள். "சிவப்பு" என்றாள்.

வண்டி வந்த மறுநாள் காலையில் ஹெல்மெட் வாரை நானே மாட்டிவிட்டேன். கட்டு போட்டு முடித்ததும் ஓரத்தில் விரல் நுழைத்துப் பார்ப்பது என் பழக்கம். இறுக்கமும் கூடாது, தளர்வும் கூடாது. அவள் தாடைக்கடியிலும் அப்படியே இரண்டு விரலை நுழைத்துப் பார்த்தேன். ஒரு முறை போதாமல் மறுபடியும் பார்த்தேன்.

"விடுங்க, லேட் ஆகுது" என்றாள். கிளம்பிவிட்டாள்.

அவள் இப்போது தாமதமாகப் போவதில்லை. மேசை அவளிடமே இருக்கிறது. சாயங்காலம் வெளிச்சம் இருக்கும்போதே வீட்டுக்கு வந்துவிடுகிறாள், கன்னமும் கொஞ்சம் தேறியிருக்கிறது. என் பயம் மட்டும் போகவில்லை. மாவுக்கட்டு அறையின் கதவு திறந்தால் இப்போதெல்லாம் நான் முதலில் காலைப் பார்ப்பதில்லை. முகத்தைப் பார்க்கிறேன். அவள் இல்லை என்று தெரிந்த பிறகுதான் துணியை நனைக்கிறேன்.