என் பையில் இனி யார் கல் வைப்பார்

கார் நிறுத்துமிடத்திலேயே எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. பெவ் என் முதுகுப்பையைத் திறந்து சமையல் பாத்திரத்தை உருவினாள். ரெவி என் சாப்பாட்டுப் பொட்டலத்தையும் கேஸ் குப்பியையும் எடுத்துத் தன் பைக்குள் திணித்தான். நான் அங்கேதான் நிற்கிறேன், செத்தவள் வீட்டுச் சாமானைப் பங்கு போடுவதுபோல் ஆளுக்கொன்றாய் எடுக்கிறார்கள்.

"வைடீ அதை. என் சாமானை நான் தூக்கிப்பேன்."

"சும்மா இரு லோர்னா. நேத்துதான் ஆபரேஷன் ஆன மாதிரி இருக்கு. பாவம் நீ," என்றாள் பெவ்.

பாவமாம். பிப்ரவரியில் என் நுரையீரலில் பாதியை வெட்டி எடுத்ததிலிருந்து இந்த ஒரு வார்த்தையைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. எங்கள் ஊரில் ஜூலைதான் குளிர்காலம்; அப்போது பனிமலை ஏறுவது கல்லூரி நாளிலிருந்து எங்கள் மூவருக்கும் வழக்கம். ஏறலாம் என்று டாக்டரே சொல்லிவிட்டார். உச்சிக்குக் கீழே இருக்கும் மரக்குடில்வரை இந்தத் தடவை என் காலால் போய்ச் சேர வேண்டும். முடியாவிட்டால் பூட்ஸை விற்றுவிட்டு, இனி மலைப்பக்கம் தலைவைத்துப் படுப்பதில்லை என்று முடிவு செய்துவிட்டுத்தான் வந்திருந்தேன்.

எங்களுக்குள் ஒரு விளையாட்டு உண்டு. யாராவது ஏமாந்த நேரத்தில் அவர் பையின் அடியில் ஒரு கல்லை வைத்துவிடுவோம். தெரியாமல் சுமந்தவர் குடில் வாசலில் இருக்கும் குவியலில் அந்தக் கல்லைப் போட வேண்டும். அன்று அவருக்கு எந்த வேலையும் கிடையாது, மற்றவர்கள்தான் விறகு பிளந்து சமைக்க வேண்டும். அதனால் ஒவ்வொரு தடவை பையைத் தூக்கும்போதும் துழாவிப் பார்ப்பது எங்கள் எல்லோருக்கும் பழகிப்போன ஒன்று. அன்று நான் பார்க்கவில்லை. நோயாளி பையில் எவன் கல் வைக்கப் போகிறான்? அதை நினைத்தபோதுதான் எனக்கு உண்மையாகவே வயிறெரிந்தது.

காடு முடிந்து பனி தொடங்கும் இடத்தில் நின்றோம். கியா என்ற மலைக்கிளி ஒன்று ரெவியின் கையுறையைக் கொத்திக்கொண்டு ஓட, அவன் பின்னால் ஓடி வழுக்கி உட்கார்ந்தான். பெவ் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. புதர் மறைவுக்குப் போய்விட்டு வந்து, பூட்ஸுக்கடியில் இரும்புப் பற்களை மாட்டிக்கொண்டு பையைத் தூக்கினேன்.

அதற்கப்புறம்தான் கால் பின்ன ஆரம்பித்தது. தோள் இற்றுப்போனது. பாத்திரமும் இல்லை, கேஸும் இல்லை, வெறும் துணியும் படுக்கையும்தான், அதைக்கூட என்னால் சுமக்க முடியவில்லையே. பத்தடிக்கு ஒரு தடவை நின்றேன். அவர்கள் சொன்னதுதான் சரி, என் கதை முடிந்துவிட்டது என்று தோன்றியது. கண்ணில் நீர் முட்டியது. அதைக் காட்டக்கூடாது என்ற வீம்பில்தான் மிச்ச ஏற்றத்தையும் ஏறினேன்.

குடிலுக்குள் போய் மாற்றுக் கம்பளிச் சட்டையை இழுத்தேன். அதற்குள்ளிருந்து ரொட்டி அளவுக்கு ஒரு கருங்கல் தொம்மென்று தரையில் விழுந்தது.

ரெவி பல்லைக் காட்டினான். "என்ன கிழவி, செக் பண்ணலியா?"

"நாயே, சாகப் போறேன்னு நெனச்சேன்டா வழி முழுக்க. வீட்டுக்குப் போனதும் பூட்ஸை விக்கணும்னு நெனச்சேன். உனக்கு இது விளையாட்டா?"

அவன் சிரிப்பு நின்றது. பெவ் தலையைக் குனிந்துகொண்டாள். "எடுத்துரலாம்னு நான் சொன்னேன். இவன் கேக்கல."

"கார்லேருந்து எறங்குனதுலேருந்து மூஞ்சியத் தூக்கி வச்சிட்டு வந்தா," என்றான் ரெவி. "நோயாளி மாதிரி நடத்துறீங்கன்னு அவதானே கத்துனா? நடத்தல. அதையும் தூக்கிட்டு வந்துட்டாள்ல?"

அவன் சொன்னது சரிதான். அதுதான் இன்னும் ஆத்திரமாக இருந்தது. கல்லை நானே வாசலில் கொண்டுபோய்ப் போட்டேன். அன்று சாயங்காலம் அடுப்படியில் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டு, ரெவி விறகு பிளப்பதையும் பெவ் பனியை உருக்கிச் சூப் வைப்பதையும் பார்த்தேன். சூப்பில் உப்பில்லை என்று திட்டினேன். யாரும் என்னைப் பாவம் என்று சொல்லவில்லை. "வேணும்னா நீயே போட்டுக்க," என்றாள் பெவ்.

காலையில் புறப்படுமுன் என் பையைத் தலைகீழாகக் கவிழ்த்து, பக்கப் பைகள்வரை துழாவினேன். ஒன்றும் இல்லை. அவர்கள் இருவரும் சூப் பாத்திரத்தைக் கழுவ வெளியே போயிருந்தார்கள். ரெவியின் பை வாயைத் திறந்தபடி சுவரோரம் கிடந்தது. வாசலுக்குப் போய் அந்தக் கருங்கல்லையே எடுத்து வந்தேன்.

பாதி இறக்கத்தில் ரெவி நின்று முட்டியைத் தேய்த்தான். முகமெல்லாம் சிவந்திருந்தது.

"என்னடா, முடியலியா?" என்று கையை நீட்டினேன். "அந்தக் கேஸ் குப்பியைக் குடு, நான் தூக்கறேன். பாவம் நீ."