வேலியோரத்து ஸ்லீப்பர் கட்டைகள்

திஹோமிர் வெலிபோருக்குத் தர வேண்டியது பதினெட்டாயிரத்து நானூறு தினார். போன குளிர்காலத்தில், சந்தைக்குப் போகும் வேன் மேடேற மாட்டேனென்று படுத்துக்கொண்டபோது வாங்கியது. ஈஸ்டருக்குத் தருகிறேன் என்றான், அறுப்புக்குத் தருகிறேன் என்றான். வெலிபோரும் நச்சரிக்கவில்லை. பக்கத்து வீடு, நடுவில் ஒரு கம்பிவேலிதான்.

வெலிபோரை உறுத்தியது கடன் அல்ல, கட்டை.

ரயில் பாதையில் பழைய மரக்கட்டைகளை எடுத்துவிட்டு கான்கிரீட் போடும் வேலை வசந்தத்திலிருந்து நடந்தது. எல்லாம் ஓக் மரம். தார் எண்ணெயில் ஊறிக் கறுத்தவை. கடப்பாரை போட்டு நெம்பி, தோளில் சுமந்து, ஸ்டேஷனுக்குப் பின்னால் அடுக்கியவர்களில் பல வருஷமாகப் பாதை வேலை பார்க்கும் வெலிபோரும் ஒருவன். வெயில் நாளில் அந்த எண்ணெய் பட்டால் கழுத்துத் தோல் வெந்தது போல உரியும். முன்பு அடுக்கி வைத்த இடத்தில் இன்றுவரை புல் முளைக்கவில்லை. மழை பெய்தால் குட்டைத் தண்ணீரில் எண்ணெய் மினுக்கும். தூரத்து ஆலையின் பெரிய உலையில்தான் இதை எரிக்க வேண்டும், ஒரு சிராய்கூட எவன் வீட்டுக்கும் போகக்கூடாது என்று மேஸ்திரி எல்லோரிடமும் கண்டித்துச் சொன்னார். மேஸ்திரிக்கே லாரி வாடகை கட்டுப்படியாகவில்லை போலிருக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை கட்டைகள் திஹோமிர் வீட்டு வேலியோரம் வந்து இறங்கின. மேஸ்திரி மகளுக்கு ஞானத்தகப்பன் திஹோமிர்.

அவன் அறுத்துப் பிளந்து சுவர் போல அடுக்கினான். தெருவில் போகிறவர்கள் நின்று பார்த்து, "உனக்கென்னப்பா, இந்தக் குளிருக்கு நீதான் ராஜா" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். வெலிபோரின் கொட்டகையில் காசு கொடுத்து வாங்கிய விறகு இடுப்பளவுகூட இல்லை. காலையில் கதவைத் திறந்தால் அந்தக் கறுப்புச் சுவரில்தான் முழிக்க வேண்டியிருந்தது.

"நெம்புனது நான், சுமந்தது நான். குளிர் காயறது அவன்" என்றான் மனைவியிடம்.

"அந்த நாத்தத்தை இத்தனை வருஷமா உன் சட்டையில தேய்ச்சுத் தேய்ச்சு என் கை போச்சு. வீட்டுக்குள்ள வேற வேணுமா?" என்றாள் யகோதா.

"நாறுதோ மணக்குதோ, அவனுக்குக் கிடைச்சுதுல்ல."

ஒரு நாள் பொறுக்கமாட்டாமல் வேலியருகே போனான். "திஹோமிர், அந்தக் கடனை விட்டுடறேன். பாதிக் கட்டையக் குடுத்துடு."

திஹோமிர் சிரித்தான். "காசுன்னா தருவேன் அண்ணே. இதைத் தரமாட்டேன். இந்தக் காலத்துல ஓக் மரம் எவன் சும்மா தர்றான்? வேணும்னா சாயங்காலம் வந்து எங்க அடுப்புல காஞ்சுட்டுப் போ."

வெலிபோர் கொட்டகைக்குப் போய்த் தன் விறகை மறுபடி எண்ணிப் பார்த்தான்.

செப்டம்பரில் மிளகாய் சுடும் நாள் வந்தது. தெரு முழுக்க முற்றத்தில் அடுப்பு. காரமில்லாத பெரிய சிவப்பு மிளகாயைச் சுட்டு, தோலுரித்து, அரைத்து, எண்ணெய் விட்டு நாள் பூராவும் கிண்டினால்தான் ஐவார் தொக்கு. திஹோமிர் இரும்பு அடுப்பை வெளியே இழுத்துப் போட்டான். அவன் மனைவி ஸ்லாவிங்கா மூட்டைகளைப் பிரித்தாள். வெலிபோர் வேலிக்கு இந்தப் பக்கம் மண்வெட்டிக்குப் பிடி போட்டுக்கொண்டிருந்தான். திஹோமிர் கறுப்புத் துண்டுகளை எடுத்து அடுப்பில் திணிப்பதைப் பார்த்ததும், 'அடேய், அது வேண்டாம்' என்ற சொல் அவன் தொண்டைவரை வந்துவிட்டது.

"பாத்தியா அண்ணே" என்று திஹோமிர் முந்திக்கொண்டான். "ரெண்டு துண்டு போட்டாப் போதும், நின்னு எரியுது. உன் விறகை ஊதி ஊதியே அண்ணிக்கு உசுரு போயிரும்."

வந்த சொல் வந்த வழியே திரும்பிப் போனது. எரியட்டும் என்று நினைத்துக்கொண்டான்.

அடுப்பின் மேல்தகட்டைச் சுற்றிக்கொண்டு புகை கெட்டியாக எழுந்தது. மிளகாய் அதற்குள்ளேயே வெந்தது. யகோதா காய்ந்த துணிகளை அள்ளிக்கொண்டு ஜன்னலைச் சாத்தினாள். "போய் ஒரு வார்த்தை சொல்லேன்" என்றாள்.

"அவன் என்ன சின்னப்பிள்ளையா?"

சாயங்காலம் ஸ்லாவிங்கா தட்டோடு வந்தாள். ரொட்டித் துண்டு, மேலே சூடாக ஐவார். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"மொத வாய் உங்களுக்குத்தான் அண்ணே. டவுன் ஓட்டல்காரர் அத்தனை சீசாவையும் எடுத்துக்கறாராம். வர்ற காசு நேரா உங்க கைக்குத்தான். கொண்டாந்து குடுக்கற வரைக்கும் மூச்சு விடாதேன்னாரு எங்க வீட்டுக்காரரு. எனக்குத்தான் வாய் நிக்கல."

தட்டிலிருந்து ஸ்டேஷனுக்குப் பின்னால் அடிக்கிற தார் வாடை வந்தது. யகோதா ரொட்டிக்குக் கை நீட்டினாள். வெலிபோர் அவள் கையைத் தட்டிவிட்டான்.

"நீ தின்னியா?" என்று ஸ்லாவிங்காவைக் கேட்டான்.

"இல்ல. காலைலேர்ந்து புகையில நின்னு மூக்கே செத்துப்போச்சு."

"எல்லாத்தையும் கொட்டிடும்மா. அந்தத் தார் எண்ணெய் உள்ள இறங்கிடுச்சு. சாம்பலையும் முட்டைக்கோசுப் பாத்திக்கு உரமாப் போட்டுடாத."

அவள் தட்டைப் பிடித்தபடியே நின்றாள். சத்தம் கேட்டு வந்த திஹோமிர் விரலால் தொட்டு நாக்கில் வைத்தான். மண்ணில் துப்பிவிட்டு வெலிபோரைப் பார்த்தான்.

"நாள் பூரா வேலியோரம்தான உக்காந்திருந்த. இது உனக்குத் தெரியுமா, தெரியாதா?"

"தெரியும்."

"அப்ப வாயத் திறக்கறதுக்கென்ன?"

பொய் சொல்லச் சோம்பலாக இருந்தது வெலிபோருக்கு. "வயித்தெரிச்சல்" என்றான்.

திஹோமிர் கட்டைச் சுவரைத் திரும்பிப் பார்த்தான். "மிச்சத்தை என்ன பண்றது?"

"உலைக்குத்தான் போகணும். மேஸ்திரி திருப்பி எடுக்கமாட்டாரு. லாரிக்கு நீதான் குடுக்கணும்."

"சரி. மிளகாய், எண்ணெய், இவ முதுகு ஒடிஞ்சது, எல்லாம் உன்னால நஷ்டம். உனக்குத் தர வேண்டியதை அதுல கழிச்சுட்டேன். இனிமே உனக்கும் எனக்கும் ஒண்ணுமில்ல."

வெலிபோர் தலையாட்டினான். திஹோமிர் கை கொடுக்காமலே போனான்.