எல்லாம் முப்பத்து நான்கு

"இதுல என்ன போட்டிருக்கு? நீங்களே படிங்க."

துணிக்கடையின் முதல் மாடியில், வாங்கியதை மாற்றிக் கொடுக்கும் இடத்தில் நின்றவள் ஒரு கருநீல பேண்ட்டை விரித்துப் பிடித்து, இடுப்புப் பட்டைக்குள் தைத்திருந்த சீட்டை விற்பனையாளரின் மூக்குக்கு நேராக நீட்டினாள்.

"முப்பத்தி நாலு, மேடம்."

"எங்க வீட்டுக்காரருக்கு எத்தனை?"

"முப்பத்தி நாலுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"அப்ப ஏன் அவரு இதைப் போட்டா கூட ஒரு ஆளைச் சேர்த்துக்கலாம் போல இருக்கு?"

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். விற்பனையாளருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. "ஒவ்வொரு கம்பெனியும் ஒவ்வொரு மாதிரி வெட்டுவாங்க மேடம். இவங்க கொஞ்சம் தாராளமா வெட்டுறவங்க. இதே கம்பெனியில முப்பத்தி ரெண்டு எடுத்துக்குங்க, கச்சிதமா இருக்கும்."

"அங்குலம்னா எல்லாருக்கும் ஒரே அங்குலம்தானே? கம்பெனிக்குக் கம்பெனி அது நீளுமா, சுருங்குமா?"

அவர் பேண்ட்டை மட்டும் மாற்றிக் கொடுத்தார். படியிறங்கும்போது அவளுக்கு நடையே மாறியிருந்தது. சண்டை போட்டு ஜெயித்த நாட்களில் அவள் அப்படித்தான் நடப்பாள். அவள் சட்டம் படித்தவள் இல்லை, பல் மருத்துவமனையில் வரவேற்பில் உட்காருகிறவள். ஆனாலும் கல்யாணமான முதல் மாதமே அவள் கணவர் அவளுக்கு 'வக்கீலம்மா' என்று பெயர் வைத்துவிட்டார். தெருவும் அப்படியே கூப்பிடத் தொடங்கிவிட்டது.

அவர் பேருந்து ஓட்டுநர். சட்டையை நிறுவனம் கொடுத்துவிடும், பேண்ட்டை ஓட்டுநர்களே வாங்கிக்கொள்ள வேண்டும். கடைக்குப் போவதென்றால் அவருக்கு வேப்பங்காய். இருபது வருஷமாக அவருடைய துணிமணி எல்லாம் வக்கீலம்மாவின் பொறுப்பு. ஆளை அழைத்துப் போகவும் தேவையில்லை. முப்பத்து நான்கு என்று கேட்டு வாங்கி வந்துவிடுவாள்.

அன்றைக்கு மாற்றி வந்த முப்பத்திரண்டு அவருக்குச் சரியாக இருந்தது. இரண்டு மாதத்தில் அதுவும் தொளதொளத்தது.

"துவைச்சா விரியுற துணி போல," என்றார் அவர், இடுப்பில் பிடித்துக்கொண்டே.

"விரியட்டும். அவங்களை நான் விரிச்சுக் காட்டுறேன்."

மறுபடி போனாள். இந்த முறை வேறொரு கம்பெனியின் சரக்கு. முப்பத்திரண்டை வீட்டுக்குக் கொண்டுவந்தால் பொத்தான் போடவே வரவில்லை. அவள் முகம் மலர்ந்துபோனது. ஓடிப்போய் அதே கம்பெனியில் முப்பத்து நான்கு வாங்கி வந்தாள். அளவெடுத்துத் தைத்தது போலப் பொருந்தியது.

"பாத்தீங்களா? நீங்க என்னைக்கும் முப்பத்தி நாலுதான். அந்தக் கம்பெனிக்காரன்தான் பொய்யன்."

அவர் கண்ணாடியில் தன்னைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டார். "ஆமா, நான் அப்படியேதான் இருக்கேன்," என்றார். அந்தப் பேச்சில் ஒரு நிம்மதி இருந்தது. அது எதற்கான நிம்மதி என்று கேட்க அவளுக்கு அப்போது தோன்றவில்லை.

அவர் முதல் வண்டி எடுக்கிறவர். அவள் எழுந்திருக்கும்போது அவர் போயிருப்பார். அவள் வேலை முடிந்து வரும்போது அவர் சாப்பிட்டுப் படுத்திருப்பார். விடுமுறை நாளில் போர்வையை இழுத்துக்கொண்டு தூங்குவார். தட்டில் மீதம் வைக்கத் தொடங்கியதைப் பார்த்துக் கேட்டாள். "டிப்போல நல்லா சாப்பிட்டுட்டேன்," என்றார். கன்னம் ஒட்டியது கண்ணில் பட்டது. வெயிலில் வண்டி ஓட்டுகிறவர்கள் எல்லோரும் அப்படித்தானே என்று நினைத்தாள். பேண்ட்டைத்தான் அவள் விடாமல் கவனித்தாள். நாலு மாதத்தில் ஐந்து முறை கடை ஏறினாள். விற்பனையாளர்கள் அவளைப் படியில் பார்த்ததுமே ஒருவரையொருவர் கண்ணால் ஜாடை காட்டிக்கொள்வார்கள்.

கடைசியாக வாங்கியதும் நழுவியபோது அவளுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. வீட்டில் முப்பத்து நான்கு என்று சீட்டுப் போட்டிருந்த நான்கு பேண்ட்டுகளையும் பையில் போட்டுக்கொண்டு, கடைக்கு எதிரே படிக்கட்டுக்கு அடியில் தையல் மெஷின் போட்டு உட்கார்ந்திருந்தவரிடம் போனாள். பழைய துணிகளைப் பிடித்தும் விட்டும் கொடுக்கிறவர் அவர். அவளுக்கு ஆதாரம் வேண்டியிருந்தது.

"நாலுலயும் முப்பத்தி நாலுன்னுதான் போட்டிருக்கு. அளந்து, ஒரு தாள்ல எழுதிக் கொடுங்க. நேரா முதலாளிகிட்டயே கேக்கப் போறேன்."

மெஷின்காரர் ஒவ்வொன்றாக மேசையில் பரப்பி நாடாவை ஓட்டினார். ஒன்று முப்பத்து மூன்று இருந்தது. அடுத்தது முப்பத்தைந்தரை. மூன்றாவது முப்பத்தாறு. கடைசியாக வாங்கியது முப்பத்தொன்று.

"அப்படிப் போடு!" என்று மேசையில் தட்டினாள் வக்கீலம்மா. "ஒரே நம்பரு, அஞ்சு அங்குலம் வித்தியாசம்! இதுக்குப் பேரு வியாபாரமா?"

"அநியாயம்தாம்மா. கேக்க ஆளில்ல, போடுறாங்க." மெஷின்காரர் நாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டார். பிறகு கடைசி பேண்ட்டை மறுபடி கையில் எடுத்தார். "இது முப்பத்தொண்ணு. இதுவா அவருக்கு நழுவுது?"

"ஆமா."

"அவரு முப்பத்தி நாலு ஆளா?"

"இருபது வருஷமா."

அவர் பேண்ட்டை மடித்து அவள் பக்கம் தள்ளினார்.

"அம்மா, தப்பா எடுத்துக்காதீங்க. கம்பெனி தப்பு அவங்க தலையில கிடக்கட்டும். நீங்க இந்தத் துணியை விட்டுட்டு ஆளைக் கூட்டிட்டு வாங்க."

மறுநாள் கணவருக்கு விடுமுறை. "எனக்கெதுக்குடி அளவெல்லாம்?" என்று முனகிக்கொண்டே வந்தார். மெஷின்காரர் சட்டையைத் தூக்கச் சொன்னார். இடுப்புவாரில் ஆணி வைத்துத் தட்டிய புதுத் துளைகள் நான்கு, கோணல்மாணலாக. வாரை அவிழ்த்து நாடாவைச் சுற்றியபோது இடுப்பெலும்பு இரண்டும் துருத்திக்கொண்டு நின்றன. பட்டப்பகல் வெளிச்சத்தில் வக்கீலம்மா தன் கணவரின் உடம்பை அன்றைக்குத்தான் பார்த்தாள்.

"இருபத்தி எட்டே முக்கால்," என்றார் மெஷின்காரர் மெல்ல.

வக்கீலம்மா அவர் சட்டையை இழுத்து இறக்கிவிட்டாள்.

பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டர் படங்களை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, வயிற்றுக்குள் கட்டி இருக்கிறது, அது மற்ற இடங்களுக்கும் போய்விட்டது என்றார். அதட்டாமல்தான் கேட்டார்: "எப்பலேர்ந்து இவரு இளைக்க ஆரம்பிச்சாரு?"

அவளுக்குத் தேதி தெரியும். கடையில் மாற்றிய ஒவ்வொரு முறைக்கும் ரசீது வைத்திருந்தாள். முதல் பேண்ட் லூசாக இருந்த நாள், துணி விரிந்துவிட்டது என்று திட்டிய நாள், அவர் மாறவே இல்லை என்று கைதட்டிய நாள். எல்லாம் வரிசையாக அவள் கைப்பைக்குள்ளேயே இருந்தன. அதை எப்படி டாக்டரிடம் எடுத்து நீட்டுவாள்?

"நாலு மாசம் முன்னாடியே வந்திருந்தா..." என்று ஆரம்பித்த டாக்டர், அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

வார்டில் அவர் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். அவள் பக்கத்தில் உட்கார்ந்து அழுதாள்.

"உங்களுக்குத் தெரியுமா?"

"வலி இருந்துச்சு. வாருல துளை போடும்போதெல்லாம் பயமாத்தான் இருக்கும்." திரும்பி அவள் கையைத் தேடிப் பிடித்தார். "நீ கடையில சண்டை போட்டு இன்னொண்ணு கொண்டாந்து கொடுப்ப. அது பொருந்தும். சரி, எனக்கு ஒண்ணுமில்லன்னு நினைச்சுப்பேன். அப்படி நினைச்சுக்கிறது சுலபமா இருந்துச்சு, வக்கீலம்மா."

"என்கிட்ட சொல்லியிருக்கக் கூடாதா?"

"சொன்னா நிஜமாயிடுமேன்னு இருந்துச்சு."

இனி செய்ய ஒன்றுமில்லை என்று வீட்டுக்கு அனுப்பிவைத்தார்கள். அதைக் கேள்விப்பட்டு மெஷின்காரர் தானாகவே வந்தார். கட்டிலிலேயே அளவெடுத்து, மறுநாள் மெல்லிய துணியில் ஒரு பேண்ட் தைத்துக்கொண்டு வந்தார். அதில் நம்பர் எதுவும் இல்லை. கணவர் அதைப் போட்டுக்கொண்டு சுவரைப் பிடித்தபடி வாசல் வரைக்கும் நடந்தார். "இதுதாண்டி என் அளவு," என்று சிரித்தார். பதினோரு நாள் அது பொருந்தியது. பிறகு அதுவும் பெரிதாகிவிட்டது. அடுத்த வாரம் ஒரு மத்தியானம், அவள் தண்ணீர் எடுத்து வருவதற்குள் அவர் போய்விட்டார்.

எல்லாம் முடிந்து நாலாம் நாள், டிப்போவிலிருந்து அவருடைய கூட்டாளிகள் துக்கம் கேட்க வந்தார்கள். அவருடன் பதினைந்து வருஷம் வண்டி ஓட்டியவரை எல்லோரும் 'தொந்தி' என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் தன் மனைவியோடு வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். வக்கீலம்மா மூலையில் முட்டியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நாலு நாளாக அவள் யாரிடமும் பேசவில்லை.

அமைதியைப் பொறுக்கமாட்டாமல் யாராவது எதையாவது சொல்வார்கள் அல்லவா, அப்படித்தான் தொந்தியின் மனைவி பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னாள்: "இவரு பேண்ட்டும் இப்பல்லாம் நிக்கவே மாட்டேங்குது. இப்ப வர்ற சைஸ் ஒண்ணாவது ஒழுங்கா இருக்கா? நாளைக்குப் போய் மாத்தணும்."

வக்கீலம்மா தலையைத் தூக்கினாள். தொந்தியைப் பார்த்தாள். பெயரில்தான் தொந்தி இருந்தது. சட்டை ஆணியில் மாட்டி வைத்தது போலத் தொங்கியது.

சுவரைப் பிடித்து எழுந்து வந்து அவர் முன்னால் நின்றாள்.

"எழுந்திருங்கண்ணே."

அவர் குழம்பிப்போய் எழுந்தார்.

"நாளைக்கு நீங்க கடைக்குப் போகக் கூடாது. ஆஸ்பத்திரிக்குப் போகணும். ஒண்ணுமில்லாமக்கூட இருக்கலாம். ஒண்ணுமில்லன்னு டாக்டர் சொல்லட்டும், துணிக்கடைக்காரன் சொல்ல வேணாம்." நாலு நாளாகப் பேசாத குரல் கரகரத்தது. "வாய்க்கு வந்த நம்பரைச் சீட்டுல அடிச்சு விக்கிறானே, அந்தப் பொய்யை நான் விடப் போறதில்ல. புகார் எழுதிட்டேன், எங்க வேணா ஏறுவேன். ஆனா அந்தப் பொய்யை நம்பிக்கிட்டு நான் பேண்ட்டை அஞ்சு தடவை மாத்தினேன், மனுஷனை ஒரு தடவை நிமிர்ந்து பார்க்கல. அந்தத் தப்பு கம்பெனிக்காரனுது இல்ல, என்னுது."

பிறகு தொந்தியின் மனைவியிடம் திரும்பினாள்.

"துணி லூசாச்சுன்னா துணியைத் திட்டாதம்மா. முதல்ல உள்ள இருக்கிற ஆளைப் பாரு."

அந்தப் பெண் தன் கணவரின் மணிக்கட்டை மெதுவாகப் பற்றி, விரல்களால் சுற்றிப் பார்த்தாள்.