மூன்று விரற்கடை

நூல் எட்டவில்லை. மாதிரிக் கப்பலின் நடுப் பாய்மரத்து உச்சியில் முடிச்சுப் போட்டு, மரத்தை ஒட்டி நேராகக் கீழே இறக்கி, மேல்தளத்தில் இருக்கும் வளையத்தில் கட்ட வேண்டிய நூல் அது. வளையத்துக்கு மூன்று விரற்கடை மேலேயே நின்றுவிட்டது. முதலில் என்னைத்தான் சந்தேகப்பட்டேன். இருபது வருடம் துணி தைத்தவள், அளவெடுத்து வெட்டுவதில் இதுவரை யாரும் என்னைக் குறை சொன்னதில்லை. ஆனாலும் வயதாகிறது, கண்ணாடி மாற்ற வேண்டியிருக்கிறது. வரைபடத்தை விரித்து வைத்து மறுபடி அளந்தேன். இன்னொரு நூலை வெட்டி, தேன்மெழுகில் இழுத்து, உச்சியில் கட்டினேன். அதுவும் அதே மூன்று விரற்கடை குறைந்தது. அப்புறம் நூலை விட்டுவிட்டு மரத்தை அளந்தேன். முன் மரம், நடு மரம், பின் மரம், மூன்றுமே வரைபடத்தைவிட அதே அளவு கூடுதலாக இருந்தன. ஒரு மரம் கூடியிருந்தால் பிசகு என்று சொல்லலாம்.

என் வீட்டுக்காரர் ஜன்னலோரம் உட்கார்ந்து, கப்பலின் வயிற்றுப் பலகைக்கு உப்புத்தாள் போட்டுக்கொண்டிருந்தார். தெருவில் எல்லோரும் அவரைக் கப்பல்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை அக்கரைக்குப் போகும் படகில் ஏறினார். இருபது நிமிடப் பயணத்தில் மூன்று தடவை வாந்தி எடுத்தார். அதைச் சொன்னால் கோபம் வரும், அதனால் அடிக்கடி சொல்வேன். மர அலமாரி செய்யும் தொழிற்சாலையில் இருந்தவர். அதை மூடிய பிறகு விடுதிகளுக்கும் அலுவலக வரவேற்பறைகளுக்கும் மாதிரிக் கப்பல் செய்து கொடுக்க ஆரம்பித்தார். கப்பலின் உடம்பு முழுக்க அவர் வேலை. பாய் தைப்பதும், கயிறு கட்டுவதும், மிளகு அளவு இருக்கும் கப்பிகளில் நூல் கோர்ப்பதும் என் வேலை.

மரத்தைப் பற்றிக் கேட்டேன். தலையைத் தூக்காமலே பதில் சொன்னார்.

"கண்ணாடிப் பெட்டிக்குள்ள வெச்சா கப்பல் குட்டையா தெரியும். மரத்தைக் கொஞ்சம் தூக்கினாதான் ஒரு கம்பீரம் வரும். எல்லாரும் செய்யறதுதான்."

நிஜக் கப்பலின் அளவில் ஐம்பதில் ஒன்று என்று ஒப்புக்கொண்டிருக்கிறோமே என்றேன். கண்ணுக்கு அளவாக இருந்தால் போதும், யார் ஸ்கேல் எடுத்துக்கொண்டு வரப்போகிறார்கள் என்றார். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. தோள்பட்டை சரிந்தவர்களுக்குச் சட்டை தைக்கும்போது நானும் உள்ளே கொஞ்சம் பஞ்சு வைப்பவள்தான். நீளமாக வேறு நூல் வெட்டிக் கட்டினேன். அந்த நிமிஷத்திலிருந்து அது என் வேலையும்தான் என்பது அப்போது எனக்குத் தோன்றவில்லை.

கப்பலைக் கேட்டிருந்தவர் ஒரு முதலாளி. பழைய சரக்குக் கப்பல் ஒன்றின் உடலை வாங்கி, அதில் மூன்று மரம் நட்டுப் பாய் கட்டி, சுற்றுலா ஆட்களை ஏற்றிக்கொண்டு கடலுக்குள் போய் வரப்போவதாகச் சொன்னார். நிஜக் கப்பல் இன்னும் பட்டறையில் மொட்டையாகக் கிடந்தது. அதற்குள் அலுவலகத்தில் காட்ட ஒரு மாதிரி வேண்டும். நாங்கள் கொண்டுபோய் மேசைமேல் வைத்து மேலே போட்டிருந்த துணியை எடுத்ததும், மனிதர் எழுந்து நின்றுவிட்டார். சுற்றிச் சுற்றி வந்தார். குனிந்து, பாய்க்கு நடுவில் ஒரு கண்ணை வைத்துப் பார்த்தார். அளவெல்லாம் சரிதானே என்று, கேட்க வேண்டும் என்பதற்காகக் கேட்டார்.

"அம்பதுல ஒண்ணு முதலாளி. இம்மி பிசகாது."

என் வீட்டுக்காரர் அதைக் கண் இமைக்காமல் சொன்னார். பெட்டியின் அடியில் பித்தளைத் தகட்டிலும் அதையே பொறித்திருந்தார். நான் பக்கத்தில் நின்றேன். மறுப்பதற்கு எனக்கு அவசரம் ஒன்றும் இல்லை. எனக்கு அங்கே வேறு காரியம் இருந்தது. முதலாளியின் முகம் மலர்ந்திருந்த அந்த நேரம் பார்த்து, என் தம்பிக்கு அந்தக் கப்பலில் ஒரு வேலை கேட்டேன். அவனை ஏணி என்று கூப்பிடுவோம். உயரம் அப்படி, ஏறுவதும் அப்படி. கட்டிடங்களுக்கு வெளியே கயிற்றில் தொங்கிக்கொண்டு பெயின்ட் அடித்து வந்தவன். முப்பத்திரண்டு வயதாகியும் ஓரிடத்தில் ஒரு வருடம் நிலைத்ததில்லை. பாய்மரம் ஏற ஆள் தேவைதான், நாளைக்கே வரச் சொல்லுங்கள் என்றார் முதலாளி. படியிறங்கும்போது என் வீட்டுக்காரரின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். அவ்வளவு சந்தோஷம்.

ஏணிக்கு அந்த வேலை ரொம்பப் பிடித்துப்போனது. இரண்டு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்தான். உள்ளங்கை தடித்து, முகம் கறுத்து, ஆள் புதிதாக இருந்தான். மரம் நட்டாயிற்று என்றான். எவ்வளவு உயரம் என்று கேட்டேன். அக்காக்காரி கேட்க வேண்டிய கேள்வி.

"துறைமுக ஆபீஸ் மொட்டை மாடியில தண்ணி டேங்க் இருக்குல்லக்கா? நடு மரத்து உச்சியில நின்னா, அதோட மூடி திறந்திருக்கா மூடியிருக்கான்னு குனிஞ்சு பாத்து சொல்லிடலாம்."

சிரித்தோம். டீயை ஆற்றிக்கொண்டே அவன் மேலும் சொன்னான். வரைபடத்தில் போட்டிருந்த மரத்தை முதலாளி ஏற்கவே இல்லையாம். அதை வரைந்த கிழவருக்கு எல்லாமே குட்டையாகத்தான் தெரியும் என்றாராம். விளம்பரத் தாளில் எல்லாம் மாதிரிக் கப்பலின் படத்தைப் போட்டாயிற்று, ஆட்கள் அதைப் பார்த்துத்தான் பதிவு செய்கிறார்கள், அதே மாதிரிதான் வேண்டும் என்று பட்டறை மேஸ்திரியை அலுவலகத்துக்கே வரவழைத்திருக்கிறார். மேஸ்திரி கண்ணாடிப் பெட்டியைத் திறந்து, மூன்று மரத்தையும் ஸ்கேல் வைத்து அளந்து, ஐம்பதால் பெருக்கிக்கொண்டு போயிருக்கிறார்.

"கப்பலே மாமா கையில இருந்துதான் பொறந்திருக்குன்னு பட்டறையில பேச்சு," என்றான் ஏணி.

ஜன்னலோரம் உப்புத்தாள் சத்தம் நின்றது. மூன்று விரற்கடை என்பது ஐந்து சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் மேல். ஐம்பதால் பெருக்கினால் இரண்டரை மீட்டரைத் தாண்டும். மரம் வளர்ந்தால் பாயும் வளரும், பாயைத் தாங்கும் குறுக்குக் கழியும் வளரும். வளர்ந்த அத்தனை பாரமும் மேலே போய் நிற்கும். கீழே இருப்பதோ அதே பழைய வயிறு. இதற்குப் படித்திருக்க வேண்டியதில்லை, தலையில் குடம் தூக்கியவளுக்கே தெரியும். யாரும் சோதித்துப் பார்க்கவில்லையா என்று கேட்டேன். பொறியாளர் ஒருவர் மரம் நடுவதற்கு முன்பே வந்து, வரைபடத்தைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போய்விட்டாராம். நல்ல மனிதர், ஒரு டீ கூடக் குடிக்கவில்லை என்றான் தம்பி.

அவன் போன பிறகு நாங்கள் இரண்டு பேரும் நான்கு நாள் பேசவில்லை. உப்பு போதுமா, கதவைத் தாழ் போட்டாயா என்பதெல்லாம் பேச்சில் சேராது. அவர் புதிதாக வந்த வேலையைத் தொடவே இல்லை. நான்காம் நாள் நானாகக் கேட்டபோது, இவ்வளவு பெரிய கப்பல் இரண்டரை மீட்டருக்காகவா விழுந்துவிடும், அடியில் கல்லும் இரும்புமாகப் பாரம் போடுவார்கள், அவர்களுக்குத் தெரியாதா என்றார். அவர்களுக்குத் தெரியாதது உங்களுக்குத் தெரியுமே என்றேன். காதில் போட்டுக்கொள்ளாமல் வெளியே போய்விட்டார்.

ஐந்தாம் நாள் மதியம் கடைக்குப் போய்விட்டுத் திரும்பினேன். குளியலறை வாசல் ஈரமாக இருந்தது. உள்ளே, துணி ஊறவைக்கும் பெரிய டப்பில் விளிம்பு வரை தண்ணீர். அதன் முன்னால் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். முதல் தடவை பலகை வளைத்துப் பார்க்கும்போது சரியாக வரவில்லை என்று ஒதுக்கி வைத்த கப்பல் உடல் ஒன்று பரண்மேல் கிடந்தது. அதை எடுத்து, வயிற்றுக்குள் இரும்புத் திருகுகளை எண்ணிப் போட்டு, மரம் நட்டு மிதக்கவிட்டிருக்கிறார். வரைபட அளவில் செய்த குட்டை மரங்கள் மூன்று சுவரில் சாய்ந்திருந்தன. தண்ணீரில் இருந்தது நெட்டை. அவர் ஒரு விசிறி மட்டையால் லேசாக வீசினார். கப்பல் சாய்ந்தது. நிமிரலாமா என்று யோசிப்பதுபோல் அப்படியே கொஞ்ச நேரம் இருந்தது. பிறகு சத்தமே இல்லாமல் பக்கவாட்டில் படுத்து, தண்ணீர் குடித்து, அடியில் போய் உட்கார்ந்தது. திருகுகள் டப்பில் உருண்ட சத்தம்தான் கேட்டது.

நான் நிற்பதை அப்போதுதான் பார்த்தார். "இது பொம்மை. இதை வெச்சு ஒண்ணும் சொல்ல முடியாது," என்றார். கை மணிக்கட்டு வரை நனைந்திருந்தது, விரல் தோல் சுருங்கியிருந்தது. எத்தனை தடவை முழுக வைத்துப் பார்த்தாரோ.

அன்றைக்கு உட்கார்ந்து கெஞ்சினேன். முதலாளியிடம் போய் உண்மையைச் சொல்லிவிடுங்கள் என்றேன். சொன்னால் என்ன ஆகும் என்று அவரும் எனக்குச் சொன்னார்: பித்தளைத் தகட்டில் பொய்யைப் பொறித்தவன் என்று ஊர் முழுக்கத் தெரியும், இனிமேல் ஒரு விடுதிக்காரனும் படியேற்ற மாட்டான், அறுபது வயதில் மறுபடியும் அலமாரிக்கு ஆணி அடிக்கப் போக வேண்டும். எல்லாம் வாஸ்தவம். தம்பியிடம் நான் சொல்லிவிடுகிறேன் என்றதற்கு, என் மானம் உன் தம்பி வாயிலா இருக்க வேண்டும், நானே சொல்கிறேன் என்றார். அது எனக்குப் பிடித்திருந்தது. என் புருஷன் தானாகப் போய்ச் சொன்னான் என்று இருக்கட்டுமே என்று நினைத்தேன். ஒவ்வொரு நாளும் இன்றைக்கு, நாளைக்கு என்று தள்ளி, முதல் பயணத்துக்கு முந்தின நாள் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு கிளம்பினார். இரண்டு மணி நேரம் கழித்துத் திரும்பி வந்து, செருப்பைக் கழற்றிக்கொண்டே சொன்னார்.

"சொல்லிட்டேன்."

முதலாளி என்ன சொன்னார் என்று கேட்டேன். பார்த்துக்கொள்கிறேன் என்றாராம். ஆக வேண்டியதைச் செய்கிறேன் என்றாராம். அதற்குமேல் நான் கேட்கவில்லை. இப்போது நினைத்துப் பார்த்தால், கேட்டிருந்தால் அவர் முகமே காட்டிக்கொடுத்திருக்கும். எனக்கு நம்ப வேண்டியிருந்தது, நம்பினேன். பல நாளைக்குப் பிறகு அன்றுதான் நன்றாகச் சாப்பிட்டேன்.

மறுநாள் காலையில் துறைமுகம் கொள்ளாத கூட்டம். எங்களுக்கும் அழைப்பு வந்திருந்தது, முன்வரிசையில் நாற்காலி. ஒலிபெருக்கியில் யாரோ விடாமல் பேசிக்கொண்டிருந்தார்கள். குடும்பம் குடும்பமாக நாற்பது பேர் ஏற்கெனவே கப்பலில் ஏறி, கம்பியைப் பிடித்துக்கொண்டு செல்போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். நான் நாற்காலியில் உட்காரவில்லை. துறைமுக அலுவலகத்தின் மொட்டை மாடியைத் தேடினேன். தண்ணீர் டேங்க் தெரிந்தது, கறுப்பாக, உயரமாக. நடு மரத்தின் உச்சி அதற்கும் மேலே நன்றாக ஏறி நின்றது. உச்சிக்குச் சற்றுக் கீழே, குறுக்குக் கழியில் கால் வைத்து என் தம்பி நின்றுகொண்டிருந்தான்.

முதலாளி எங்களைப் பார்த்துவிட்டு வந்தார். நேற்று அலுவலகத்துக்குச் சும்மா பார்க்க வந்தேன் என்று வந்து, மாதிரிக் கப்பலில் ஒரு நூல் தளர்ந்திருப்பதைக் கண்டுபிடித்து, இறுக்கிக் கொடுத்துவிட்டுப் போனாராமே, இந்தக் காலத்தில் யார் அப்படிச் செய்கிறார்கள் என்று என் வீட்டுக்காரரின் தோளைத் தட்டினார். நான் திரும்பினேன். அவர் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். முப்பது வருடத்தில் அந்தத் தலையை நான் எத்தனையோ தடவை வெறுத்திருக்கிறேன், இவ்வளவு வெறுத்ததில்லை.

"முதலாளி, மரம் உயரம். ரொம்ப உயரம்," என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

"ஆமாம்மா," என்றார், கண் கலங்கிப்போய். "எல்லாம் இவரு கை."

அதற்குள் ஏறுபலகையை இழுத்துவிட்டார்கள். கூட்டத்தைத் தடுக்கக் கட்டியிருந்த நாடாவைத் தாண்டி ஓடினேன். யாரோ என் தோளைப் பிடித்தார்கள், உதறிவிட்டுக் கரையின் விளிம்புக்குப் போய்விட்டேன். இறங்குடா, இறங்கிடு என்று கத்தினேன். ஏணிக்கு என்னைத் தெரிந்துவிட்டது. காதில் கையை வைத்துச் சாய்ந்து பார்த்தான். பிறகு கேட்டதுபோல் தலையாட்டி, இரண்டு கையையும் விட்டுவிட்டு எனக்கு டாட்டா காட்டினான்.

பாய்களை ஒவ்வொன்றாக அவிழ்த்தார்கள். முன் மரத்துப் பாய், பின் மரத்துப் பாய், கடைசியாக நடு மரத்தின் பெரிய பாய். நான் தைத்த அதே தையல், அதே மடிப்பு, ஐம்பது மடங்கு. கப்பல் கரையை விட்டு நகர்ந்து, அலைத்தடுப்புச் சுவரின் முனை வரை நேராகப் போயிற்று. சுவரைத் தாண்டியதும் காற்று வந்தது. பெரிய காற்று இல்லை. என் தலைமுடி கலைந்து கண்ணில் விழும் அளவுக்குத்தான். பாய்கள் மூன்றும் ஒரே நேரத்தில் புடைத்தன. கப்பல் அழகாக ஒரு பக்கம் சாய்ந்தது. என் பின்னால் மொத்தக் கூட்டமும் கைதட்டியது. நான் முடியை ஒதுக்கிக்கொண்டு, அது நிமிர்வதற்காகப் பார்த்துக்கொண்டு நின்றேன்.