இபு வார்சினியின் வாசலில் கிடந்த செருப்புகள்

ஜாவாவின் கரங்வுனியில் ஜாமு என்னும் மூலிகை மருந்து விற்கும் இபு வார்சினியின் இணையதளத்துக்குள் யார் நுழைந்தாலும், அவர்கள் கடைசியாகக் கழற்றிவிட்ட செருப்பு அவர் வீட்டு வாசலுக்கு வந்துவிடும். தளம் திறந்த வாரத்திலேயே ஊருக்கு இது தெரிந்துவிட்டது. அதே வாரம் மிளகாய் விலையும் ஏறியிருந்ததால் சந்தையில் முதலில் மிளகாயைப் பற்றித்தான் பேசினார்கள். தளத்தை உருவாக்கித் தந்தது செமாராங்கில் உள்ள ஒரு நிறுவனம். அதன் முகப்பில் ‘உங்கள் தனியுரிமை எங்கள் உயிர்’ என்று பெரிய எழுத்தில் போட்டு, கீழே ஒரு கொள்கை விளக்கத்தையும் வைத்திருந்தார்கள். விளக்கம் ரொம்ப நீளம். அதன் நடுவில் எங்கோ, ‘உங்களுக்கு மேலும் சிறப்பாகச் சேவை செய்யும் பொருட்டு உங்களுடைய சிலவற்றை வைத்துக்கொள்வோம்’ என்று ஒரு வரி இருந்தது. அதற்கும் கீழே ‘சம்மதம்’ என்று ஒரு பச்சைப் பொத்தான். படிக்காமல் கையெழுத்துப் போடுவதில் எங்கள் ஊர்க்காரர்கள் யாருக்கும் சளைத்தவர்கள் அல்லர். பொத்தானை அமுக்கினார்கள், செருப்பு போயிற்று.

செருப்பு போனதில் என்ன பெரிய ரகசியம் கெட்டுவிடும் என்று வெளியூர்க்காரர்கள் கேட்கலாம். இங்கே எல்லோரும் போடுவது ஒரே மாதிரி ரப்பர் செருப்பு. வெள்ளிக்கிழமைத் தொழுகை முடிந்து வெளியே வந்தால் எது யாருடையது என்று தெரியாது. புதுச் செருப்போடு வந்தவர் பழையதோடு திரும்புவார். பழையதோடு வந்தவர் இறைவனின் கருணையை வியந்தபடி புதியதோடு திரும்புவார். அதனால் செருப்பு வாங்கிய அன்றே குதிகால் பக்கம் கத்தியால் ஓர் அடையாளம் வெட்டிவிடுவது வழக்கம். முடிதிருத்துபவருக்குச் சீப்பு, மருத்துவச்சிக்குப் பிறை, தெருத்தலைவர் பாக் ஸுப்ரோவுக்கு நட்சத்திரம். ஊரில் ஒருவர் முகத்தை மறந்தாலும் மறப்போம், செருப்பின் அடையாளத்தை மறக்க மாட்டோம். ஜாமு தளத்தில் அதிகம் பேர் படித்தது ஆண்மைக் குறைவைப் பற்றிய பக்கம், அடுத்தது மூலம். இளைஞர்களை இணையம் கெடுக்கிறது என்று பாக் ஸுப்ரோ கூட்டம் போட்டுப் பேசிய மறுநாளே நட்சத்திரச் செருப்பு இபு வார்சினியின் வாசலில் கிடந்தது.

“பாக், உங்க செருப்பு அங்க கெடக்குதே?” என்று காய்கறிக்காரி, ஐயா என்கிற அந்த மரியாதையோடுதான், கேட்டாள்.

“நாய் தூக்கிட்டுப் போயிருக்கும்.”

“நட்சத்திரம் போட்டதா பாத்துத் தூக்கியிருக்கே! படிச்ச நாய்தான் போங்க.”

அந்த வருஷம் முழுக்க ஆண்கள் வெறுங்காலோடு நடந்தார்கள். மண்ணில் கால் படுவது உடம்புக்கு நல்லது என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். வந்து எடுத்துப் போகும் துணிச்சல் யாருக்கும் இல்லை. ஒருமுறை ரோட்டர்டாமிலிருந்து ஒரு ஜோடி பனிக்காலணி வந்து மூன்று மழைக்காலம் அங்கேயே கிடந்தது. அதன் சொந்தக்காரருக்கு என்ன வியாதியோ, எங்களில் ஒருவரும் கேட்கவில்லை. யார் என்று தெரியாதவரின் அந்தரங்கத்தில் எங்களுக்கு என்ன சுவை இருக்கிறது?

ஊரே இபு, அதாவது அம்மா, என்று அழைக்கும் வார்சினி நல்லவர். மஞ்சளும் இஞ்சியும் அரைத்து அரைத்துக் கை நிறமே மாறிப்போனவர். ஒரு வீட்டு வியாதியை அடுத்த வீட்டில் சொன்னதில்லை. அவருக்கு இது பெரிய அவமானமாக இருந்தது. செருப்புகளின் மேல் தார்ப்பாய் போட்டு மூடினார். போகிறவர் வருகிறவரெல்லாம் மழை வருகிறதா என்று பார்ப்பவர்கள் போலத் தார்ப்பாயைத் தூக்கிப் பார்த்தார்கள். நிறுவனத்துக்குப் போன் செய்தார். அவர்கள் வருத்தம் தெரிவித்து, முகப்பு எழுத்தை இன்னும் பெரிதாக்கிக் கொடுத்தார்கள். மாவட்ட அலுவலகத்திலிருந்து ஓர் அதிகாரி வந்து வாசலைச் சுற்றிப் பார்த்து, தேம்பே என்னும் சோயா வறுவலும் காபியும் சாப்பிட்டு, சட்டப்படி தரவுப் பாதுகாப்பு அலுவலர் ஒருவரை நியமிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். சம்பளம் கொடுக்க வழியில்லாததால் இபு வார்சினி தன் வாத்தை, அந்த வெள்ளைப் பெருவாத்தை, நியமித்தார். அதிகாரி ஆட்சேபிக்கவில்லை. வாத்தும் குனிந்து பார்த்தவர்களைப் பின்பக்கமாகக் கடித்து முழு மூச்சாக வேலை செய்தது. ஆனால் ஒரு கைப்பிடி சோளம் போட்டால் தலையைத் திருப்பிக்கொள்ளும். அலுவலர் பதவிக்கு அது எல்லா வகையிலும் பொருத்தமாகவே இருந்தது.

அந்தச் சோளத்தைப் போட்டவர் செங்கல் சூளை முதலாளி கார்டிமன். வட்டத்துக்குள் ஒரு பெருக்கல் குறி, அதுதான் அவருடைய முத்திரை. ஊரில் உள்ள ஒவ்வொரு செங்கல்லிலும் அது இருக்கிறது. பள்ளிவாசல் சுவரிலும் இருக்கிறது. அவர் வீட்டில் ஸ்கூட்டர், சோற்றுப் பானை, நாற்காலி என்று எதையும் விட்டுவைக்காமல் இரும்பைப் பழுக்கக் காய்ச்சி அதே குறியைப் பதித்திருந்தார். மனைவி ரஹாயுவின் செருப்பிலும் பதித்தார். கல்யாணமான புதிதில் அதை ஆசை என்று நாங்கள் நினைத்தோம். எங்கள் புத்தி அப்படி.

ஒருநாள் அந்தக் குறி போட்ட செருப்பு இபு வார்சினியின் வாசலில் கிடந்தது. கார்டிமன் அதை எடுத்து உள்ளங்கையில் வைத்துத் தட்டிக்கொண்டே சந்தை வழியாக வீட்டுக்கு நடந்தார். நாங்கள் வழிவிட்டு நின்றோம். ஒருவர்கூட ஒரு வார்த்தை பேசவில்லை. இதை எழுதும்போது இப்போதும் வெட்கமாக இருக்கிறது. அவர் வீட்டு ஜன்னல் வழியாகக் கேட்டது இவ்வளவுதான்:

“அங்க என்னடி கேட்ட?”

“இடுப்பு வலிக்கு மருந்துங்க.”

“இனிமே அந்தப் பக்கம் போன, குறி செருப்புல மட்டும் இருக்காது.”

ரஹாயு கேட்டது மருந்து அல்ல. தளத்தில் கேள்வி கேட்க ஒரு பெட்டி உண்டு. அதில் அவள், ‘இங்கிருந்து போக வேண்டும், போனால் தங்க இடம் கிடைக்குமா?’ என்று எழுதியிருந்தாள். செமாராங்கில் இபு வார்சினியின் தங்கை துணி ஆலையில் வேலை பார்க்கிறாள். அவள் வீட்டு முகவரியையும் ஏறவேண்டிய வண்டியையும் இபு வார்சினி பதிலாக எழுதிவைத்தார். ஆனால் ரஹாயு அதைப் படிக்க வேண்டுமானால் மறுபடி தளத்துக்குள் வரவேண்டும். வந்தால் செருப்பு வரும். நேரில் போய்ச் சொல்லலாம் என்றால் சூளையைத் தாண்டாமல் அந்த வீட்டுக்குப் போக முடியாது. பதில் அங்கேயே காத்துக் கிடந்தது. ரஹாயு வீட்டுக்குள் கிடந்தாள்.

வியாழக்கிழமை பெண்கள் ஓதுவதற்குக் கூடியபோது இபு வார்சினி ரஹாயுவின் பெயரைச் சொல்லவில்லை. வாக்குக் கொடுத்தால் கொடுத்ததுதான்.

“நம்ம ஊர்ல எல்லாச் செருப்புக்கும் ஒரே அடையாளம் இருந்தா நல்லாருக்கும்னு தோணுது. வட்டம், உள்ள ஒரு பெருக்கல்” என்றார்.

காய்கறிக்காரி எழுந்தாள்.

“சாத்தே கறி சுடுற கம்பி என்கிட்ட இருக்கு, இபு. அடுப்பு பத்த வைங்க.”

“ஏன்னு கேக்க மாட்டியா?”

“கேட்டா நீங்க சொல்லவா போறீங்க?”

அன்றைக்கே பெண்கள் தங்கள் செருப்புகளில் பழைய அடையாளத்தைச் சீவிவிட்டு அந்தக் குறியைச் சுட்டார்கள். ஊரே ரப்பர் கருகிய நாற்றம் அடித்தது. ஆண்களுக்கு விஷயம் தெரிந்ததும் அவர்களும் ஓடிவந்தார்கள். ரஹாயுவின் மேல் இரக்கப்பட்டு வந்தார்கள் என்று எழுத எனக்கும் ஆசைதான். இனி ஆண்மைப் பக்கத்தை யார் படித்தது என்று யாருக்கும் தெரியாது என்பது பாக் ஸுப்ரோவுக்குத்தான் முதலில் உறைத்தது. நட்சத்திரத்தைச் சீவுவதற்கு அவரே கத்தி தீட்டினார். மறுநாள் விடிந்ததிலிருந்து ஊர் முழுக்கத் தளத்துக்குள் நுழைந்தது. வெகுநாளாக அடக்கிவைத்திருந்த கேள்விகள் எல்லாம் அன்றைக்குத்தான் வெளியே வந்தன. இபு வார்சினியின் வாசல் நிறைந்து, செருப்புகள் வேலியைத் தாண்டித் தெருவில் சரிந்தன. எல்லாவற்றிலும் வட்டம், எல்லாவற்றிலும் பெருக்கல்.

ஊர்ச் செருப்பிலெல்லாம் ஒரே குறி என்ற சேதி ரப்பர் நாற்றத்தோடு ரஹாயுவுக்கும் எட்டியிருந்தது. அவளும் பொத்தானை அமுக்கி, பதிலைப் படித்து, வெறுங்காலோடு வயல் வரப்பில் இறங்கி நடந்தாள்.

மதியச் சாப்பாட்டுக்கு வந்த கார்டிமன் படியில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார். ரஹாயு இல்லை, அவள் செருப்பும் இல்லை. அவள் அந்தத் தளத்தில் என்ன கேட்டாள் என்று பார்த்துவிடும் ஆத்திரத்தில் தன் போனில் அதைத் திறந்து, அவரும் படிக்காமல் பச்சைப் பொத்தானை அமுக்கினார். தளம் ஒருவர் கேள்வியை இன்னொருவருக்குக் காட்டாது. அந்த ஒரு வாக்கை மட்டும் நிறுவனம் எப்படியோ காப்பாற்றிவிட்டது. வெளியே வந்தால் அவர் செருப்பையும் காணோம். கொதிக்கிற செங்கல் தூளில் குதித்துக் குதித்து இபு வார்சினியின் வாசலுக்கு வந்து சேர்ந்தார்.

“என் பொண்டாட்டி செருப்பு எது?”

“குறி உங்களோடதுதானே, பாக். நீங்களே பாத்து எடுத்துக்குங்க.”

“எல்லாத்துலயும் என் குறி இருக்கு!”

“அப்ப எல்லாத்தையும் எடுத்துக்குங்க. வண்டி கொண்டு வந்தீங்களா?”

அவர் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் புரட்டினார். பிறகு மனைவியை விட்டுவிட்டுத் தன்னுடையதைத் தேடி ஒவ்வொன்றாகக் காலில் மாட்டிப் பார்த்தார். தெருவே வேடிக்கை பார்த்தது. மறந்துபோய்ச் சோளம் கொண்டுவராததால் தரவுப் பாதுகாப்பு அலுவலர் தன் கடமையைச் செய்தது. செமாராங் வண்டி சூளையைத் தாண்டிப் போகும் சத்தம் கேட்டபோது அவர் காலில் யாருடையது என்றே தெரியாத ஒரு செருப்பு இருந்தது. வெறுங்காலோடுதான் வீட்டுக்குப் போனார். சூளைக்காரர் அந்தத் தளத்தில் என்ன கேட்டிருப்பார் என்று ஊர் வெகுநாள் பேசியது. இபு வார்சினி அதையும் யாரிடமும் சொல்லவில்லை.

நிறுவனம் இந்த ஏற்பாட்டைத் தன் சொந்தக் கண்டுபிடிப்பாகச் சொல்லி ஒரு கேடயம் வாங்கியது. சந்தையில் இப்போது செருப்பைக் குறி சுட்டே விற்கிறார்கள். வெள்ளிக்கிழமைகளில் கைக்கு வந்ததை மாட்டிக்கொண்டு போகிறோம், சண்டை குறைந்திருக்கிறது. வாசலுக்குச் செருப்பு வருவது நிற்கவில்லை. வாத்துக்கு வயதாகிவிட்டதால் அதன் மகளுக்கு அந்த வேலை கிடைத்தது. ரமலானுக்கு முன்பு எப்போதாவது, ஆலையில் வேலை செய்கிற பெண்கள் போடும் கறுப்புக் காலணி ஒரு ஜோடி அங்கே வந்து கிடக்கும். அதில் எந்தக் குறியும் இருக்காது. இபு வார்சினி அதைத் துடைத்து, வெயில் படாத பக்கமாக நகர்த்தி வைப்பார். யாருடையது என்று நாங்கள் கேட்பதில்லை. கார்டிமன் தினமும் அந்த வழியாகத்தான் போகிறார். அந்தக் காலணியையும் பார்க்கிறார். யாரோ வெளியூர்க்காரி என்று நினைத்துக்கொண்டு சூளைக்குப் போய்விடுகிறார்.