எண்பத்தொன்று புள்ளி நான்கு

அக்காவின் கல்லீரலில் நூற்றுக்கு இருபத்துநான்கு பங்கு கொழுப்பு இருந்தது.

டாக்டர் அதைச் சொல்லிவிட்டுத் திரையை எங்கள் பக்கம் திருப்பினார். சிறுநீரகம் கருஞ்சாம்பலாகத் தெரிந்தது. அதன் பக்கத்தில் கல்லீரல் பனி மூடியதுபோல் வெளுத்திருந்தது. ஒரே சாம்பல் நிறத்தில் தெரிய வேண்டியவை அவை இரண்டும்.

"பத்துக்குக் கீழ வந்தாத்தான் உங்ககிட்டேருந்து அவருக்கு ஒரு பங்கு எடுக்க முடியும்" என்றார் அவர். "இப்ப எடுத்தா உங்களுக்கும் ஆபத்து, அவருக்கும் பிரயோஜனம் இல்ல."

அவர் என்றது என் அத்தானை. பதினெட்டு வருஷம் பஸ் ஓட்டியவர், டீயைத் தவிர வேறெதையும் குடித்தறியாதவர். அவருடைய கல்லீரல் காரணம் சொல்லாமல் சுருங்கிக்கொண்டிருந்தது. அவர் தம்பியின் ரத்தப் பிரிவு சேரவில்லை. என்னுடையதும் சேரவில்லை. அக்காவுடையது மட்டும் சேர்ந்தது.

"எத்தனை நாள் இருக்கு டாக்டர்?" என்று அக்கா கேட்டாள்.

"எட்டு வாரம். அதுக்கு மேல அவரால தாங்க முடியும்னு தோணல. ஒரு அஞ்சு கிலோ குறைங்க, கொழுப்பு தானா இறங்கும்."

வெளியே வந்ததும் அக்கா, "அஞ்சு கிலோதானேடி. சின்ன பார்சல்" என்றாள். பார்சல் அலுவலகத்தில் பன்னிரண்டு வருஷமாகக் கவுண்டரில் நிற்கிறவள். எதையும் பார்சலாகத்தான் பார்ப்பாள்.

என் வேலையும் எடை சம்பந்தப்பட்டதுதான். தராசுகள் சரியாகக் காட்டுகின்றனவா என்று சோதித்துச் சான்றிதழ் கொடுக்கும் ஆய்வகத்தில் இருக்கிறேன். எங்கள் எடைக்கற்கள் வெல்வெட் பெட்டியில் தூங்கும். வெறும் கையால் தொட மாட்டோம். விரலின் எண்ணெய்ப் பசைகூட எடைதான். இதைச் சொன்ன நாளிலிருந்து அத்தான் என்னைத் தராசம்மா என்றுதான் கூப்பிடுகிறார்.

அலுவலகத்தில் கழித்துப்போட்ட மேடைத் தராசு ஒன்றைக் கேட்டு வாங்கி, பழுது பார்த்து வீட்டுக்குக் கொண்டுவந்தேன். நூறு கிலோ வரை தாங்கும், இருபது கிராம் வித்தியாசத்தையும் காட்டிவிடும். சமையலறைச் சுவரில் வரைபடத்தாள் ஒட்டினேன். முதல் நாள் காலை 81.40. அங்கிருந்து 76.40 வரை நேராக ஒரு கோடு இழுத்தேன். கோட்டைப் பார்க்க அழகாக இருந்தது.

அக்கா விடிவதற்கு முன் எழுந்து நடந்தாள். ஒன்றரை மணி நேரம். திரும்பி வந்து வீட்டுக்குச் சமைத்துவிட்டு, தனக்கு அவித்த காய்களும் இரண்டு முட்டையும் எடுத்துக்கொண்டு வேலைக்குப் போனாள். சர்க்கரையைத் தொடவில்லை. எண்ணெய்ச் சட்டி பரணுக்குப் போனது. மாலையில் வந்து மறுபடி நடந்தாள். பன்னிரண்டு வருஷம் நின்றே வேலை பார்த்த முழங்கால்கள் அவளுக்கு. ராத்திரி அவற்றுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுத்துக்கொண்டே அடுத்த நாளுக்கு அலாரம் வைப்பாள்.

முதல் வார முடிவில் 81.62.

"ஏறியிருக்கு" என்றாள் அக்கா.

"ஆரம்பத்துல தண்ணி தங்கும்கா. நார்மல்."

இரண்டாம் வாரம் 81.28. மூன்றாம் வாரம் 81.40. நான் வரைந்த கோடு கீழே போய்க்கொண்டே இருந்தது. அக்காவின் புள்ளிகள் மேலே, ஒரு மேசை விளிம்பில் வைத்த கடுகுபோல் வரிசையாக நின்றன.

ஒரு நாள் அத்தானும் தராசில் ஏறினார். இரண்டு கிலோ கூடியிருந்தது. சாப்பாடே இறங்காதவருக்கு எப்படிக் கூடும்? வயிற்றில் நீர் சேர்கிறது. எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும்.

"பாத்தியா" என்று அக்காவிடம் கண்ணடித்தார். கண் மஞ்சளாக இருந்தது. "நீ எறக்கி வைக்கிறதையெல்லாம் நான்தான் தூக்கிக்கிட்டுத் திரியறேன். கணக்கு டேலி ஆயிடுச்சு."

"வாய மூடுங்க. வாய் மட்டும் வத்தவே மாட்டேங்குது."

"அது ஒண்ணுதான் நல்லா வேலை செய்யுது. அதையும் ஏன் திட்டற?"

அவள் சிரித்தாள். அவர் படுக்கப் போனதும் சிரிப்பும் போயிற்று.

நான்காம் வாரக் கடைசி நாள், 81.40. எட்டில் நான்கு முடிந்து, புறப்பட்ட இடத்திலேயே நின்றது. அக்கா தராசிலிருந்து இறங்கவில்லை. மேலேயே நின்றுகொண்டு எண்ணைப் பார்த்தாள்.

"இதுக்கு மேல என்னத்தடி செய்ய?" என்று மெதுவாகக் கேட்டாள். "சொல்லு, செய்யறேன். பட்டினி கிடக்கணுமா, கிடக்கறேன்."

"பட்டினி கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காங்கக்கா."

"அப்புறம் என்னதான் பண்றது? இந்த உடம்பு யாரு பக்கம்னே தெரியலயே."

படித்த பாடங்களை எல்லாம் மனதில் புரட்டினேன். இந்த உடம்பு எதிலும் இல்லை.

மறுநாள் நான் செய்ததை எங்கள் தொழிலில் இருப்பவர்தான் செய்ய முடியும். செய்யவே கூடாதவரும் அவர்தான்.

எடைக்கற்களோடு வெளி வேலைக்கு வேனில் போகும் வழியில்தான் எங்கள் வீடு. மதியம் அக்கா வேலையில் இருந்தாள், அத்தான் தூங்கிக்கொண்டிருந்தார். பத்து கிலோ எடைக்கல்லை இரண்டாம் மாடிக்குத் தூக்கி வந்தேன். தராசின் அடியிலிருந்த முத்திரையைப் பிரித்து, அளவைத் திருத்தும் பொத்தானை அழுத்தினேன். பத்து கிலோவை வை என்று தராசு கேட்டது. பத்து கிலோவை வைத்து, அதன் மேல் ஒரு நூறு கிராமையும் ஓர் ஐம்பது கிராமையும் வைத்தேன். தராசு நம்பிக்கொண்டது. இனிமேல் பத்து கிலோ நூற்றைம்பதைப் பத்து என்றுதான் சொல்லும். எண்பத்தொன்றரைக்குப் பக்கத்தில் இருப்பவருக்கு ஒரு கிலோ இருநூறு குறையும்.

முத்திரையை மறுபடி சுருக்கமில்லாமல் நேராக ஒட்டினேன். அந்த நிதானம்தான் பிறகு என்னைப் பயமுறுத்தியது.

அடுத்த நாள் காலை 80.20.

அக்கா எண்ணைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். நான் வரைபடத்தாளைப் பார்த்தேன்.

"எறங்கியிருக்கே" என்றாள்.

"ஆமாக்கா. சில நேரம் மொத்தமா எறங்கும்."

"சரி" என்றாள். செருப்பை மாட்டிக்கொண்டு நடக்கப் போனாள். அன்று வழக்கத்தைவிட அரை மணி நேரம் தாமதமாகத் திரும்பினாள். மழையில் நனைந்திருந்தாள்.

அதற்குப் பிறகு அவள் ஒரு நாளும் நிறுத்தவில்லை. புலம்பவும் இல்லை. ஐந்தாம் வாரம், ஆறாம் வாரம். நான் தினமும் புள்ளி வைத்தேன். ஒவ்வொரு புள்ளியும் ஒரு கிலோ இருநூறு கிராம் பொய். உண்மை எண்ணை மனதுக்குள் கூட்டிக் கணக்குப் போடுவேன்: 81.1, 80.8, 80.5. ஊர்ந்துகொண்டிருந்தது. இந்த வேகத்தில் ஐந்து கிலோ இறங்க இன்னும் எத்தனையோ மாதம் ஆகும். அத்தானின் கால்கள் வீங்கத் தொடங்கியிருந்தன.

அக்கா கடைச் சாமான் மூட்டையோடு படியேறி வரும்போது முதல் மாடித் திருப்பத்தில் மூச்சு வாங்க நிற்கும் வழக்கம் உண்டு. ஏழாம் வாரத்தில் ஒரு நாள் நிற்காமல் மேலே வந்துவிட்டாள். காலடிச் சத்தம் தொடர்ந்து வந்ததைக் கேட்டேன். கேட்டதோடு சரி. அது எண் இல்லை என்பதால் எங்கும் குறித்து வைக்கவில்லை.

எட்டு வாரம் முடிந்து ஸ்கேன் எடுக்கும் நாள் வந்தது. மருத்துவமனைத் தராசு என்ன காட்டும் என்று எனக்குத் தெரியும். அந்தத் தராசுக்குச் சான்றிதழ் கொடுத்ததே எங்கள் ஆய்வகம். காத்திருக்கும் வரிசையில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தபடி சொன்னேன்.

"அக்கா, ஒரு விஷயம். வீட்டுத் தராசு... நான் அதைக் கொஞ்சம்..."

"தெரியும்."

"என்ன தெரியும்?"

"ஒரு கிலோவுக்குப் பதினஞ்சு கிராம் கம்மியாக் காட்டுது. அன்னைக்கே பாத்துட்டேன்."

நாற்காலியில் அவள் பக்கம் திரும்பினேன்.

"பன்னண்டு வருஷமாக் காலையில ஆபீஸ் போனதும் முதல் வேலை, அஞ்சு கிலோ கல்லைத் தராசுல வச்சுப் பாக்கறதுதான். ஒரே நாள்ல ஒண்ணேகால் கிலோ குறைஞ்சா நம்புவேனா? அன்னைக்குச் சாயங்காலம் அந்தக் கல்லை சாப்பாட்டுப் பையில போட்டு வீட்டுக்குக் கொண்டாந்தேன். வச்சேன். நாலு கிலோ தொள்ளாயிரத்து இருபது."

"வெறும் கையாலயா தூக்கின?"

நான் கேட்ட கேள்வி எனக்கே அபத்தமாகப் பட்டது. அக்கா சத்தமாகச் சிரித்துவிட்டாள். எதிர் வரிசையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"இல்லடி, பட்டுத் துணியில சுத்தித் தூக்கினேன். கேக்கறா பாரு கேள்வி."

"ஏன்கா சொல்லல?"

"உன் மூஞ்சியைப் பாத்தேன். என்னைவிட நீதான் பயந்து போயிருந்த. அந்த நம்பர் எனக்கு வேண்டியிருக்கல, உனக்குத்தான் வேண்டியிருந்துச்சு. இருந்துட்டுப் போகட்டும்னு விட்டுட்டேன்."

"அப்ப, குறையலன்னு தெரிஞ்சுக்கிட்டேயா இத்தனை நாள் நடந்த?"

அவள் கையிலிருந்த டோக்கனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"அன்னைக்கு அந்தக் கல்லை வச்சுப் பாத்துட்டு ரொம்ப நேரம் தரையிலயே உக்காந்திருந்தேன். உள்ள அவர் இருமற சத்தம் கேட்டுச்சு. காலையில எழுந்து நடக்கலன்னா, படுத்துக்கிட்டு அந்தச் சத்தத்தைத்தான் கேட்டுக்கிட்டிருக்கணும். அதுக்கு நடக்கறதே தேவலாம்னு தோணுச்சு. அவ்வளவுதான். பெரிசா ஒண்ணும் இல்ல."

டோக்கன் எண்ணைக் கூப்பிட்டார்கள். அவள் எழுந்து போனாள்.

நான் உட்கார்ந்திருந்தேன். நான்கு வாரம். இருபத்தெட்டு விடியல். ஒவ்வொன்றிலும் பொய் என்று தெரிந்த எண்ணின் மேல் ஏறி, எனக்காக "எறங்கியிருக்கே" என்று சொல்லிவிட்டு, இறங்கி, செருப்பு மாட்டிக்கொண்டு போயிருக்கிறாள். ஒரு மில்லிகிராமுக்காக மூச்சை அடக்கிக்கொண்டு நிற்கிறவள் நான். என் பக்கத்து அறையில் தூங்குகிறவளின் கனத்தை எனக்கு அளக்கத் தெரிந்திருக்கவில்லை.

மருத்துவமனைத் தராசு 79.3 காட்டியது. எட்டு வாரத்தில் இரண்டு கிலோ நூறு கிராம். ஐந்து கேட்டிருந்தார்கள்.

ஸ்கேன் முடிந்து ஒரு மணி நேரம் கழித்து டாக்டர் எங்களை உள்ளே கூப்பிட்டார். திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மௌஸை நகர்த்தினார், மறுபடி நகர்த்தினார். அக்காவின் கை என் கையைத் தேடிப் பிடித்தது. ஈரமாக இருந்தது.

"எட்டு" என்றார் டாக்டர்.

"எட்டு வாரம் ஆச்சு டாக்டர், ஆமா" என்றாள் அக்கா.

"இல்லம்மா. எட்டு சதவீதம். உங்க கல்லீரல்ல கொழுப்பு எட்டு சதவீதம்தான் இருக்கு."



"ஆனா வெயிட்டு குறையலயே" என்றேன் நான். என் குரல் புகார் சொல்வதுபோல் ஒலித்தது.

"வெயிட்டு அப்புறம் குறையும். நடந்ததுல கால் சதை கூடியிருக்கும், தண்ணி கொஞ்சம் தங்கியிருக்கும், தராசுக்கு அதெல்லாம் ஒண்ணுதான். உடம்பு சில பேருக்கு முதல்ல கல்லீரல்லேருந்துதான் எடுக்கும். இவங்களுக்கு முதல் வாரத்துலயே எடுக்க ஆரம்பிச்சிருக்கும்."

முதல் வாரத்திலேயே. 81.62 என்று நான் குறித்த வாரம்.

அவர் இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். இடது பக்கம் பனி மூடிய கல்லீரல். வலது பக்கத்தில் பனி இல்லை. மழை விட்ட பிறகு மலை தெரிவதுபோல் அது தெரிந்தது. சிறுநீரகமும் அதுவும் ஒரே சாம்பல் நிறம். உள்ளே மெல்லிய கறுப்புக் கிளைகளாக ரத்தக் குழாய்கள் விரிந்திருந்தன. முன்பு அவை இருந்ததே தெரியவில்லை. யாரும் பார்க்காத இடத்தில், எந்தத் தராசுக்கும் சொல்லாமல், ஒவ்வொரு செல்லாக அந்த உடம்பு கதவைத் திறந்து சுத்தம் செய்திருக்கிறது. நாங்கள் அதைத் திட்டிக்கொண்டிருந்த நாட்களிலும் செய்திருக்கிறது. அக்கா நாற்காலியின் நுனிக்கு வந்து திரையைப் பார்த்தாள். தன் வயிற்றின் வலது பக்கத்தில், விலா எலும்புக்குக் கீழே, மெதுவாகக் கையை வைத்தாள். ஒரு குழந்தையின் தலையில் வைப்பதுபோல வைத்தாள்.

"இதுல எவ்வளவு எடுப்பீங்க டாக்டர்?"

"அறுபது சதவீதம்."

"மிச்சம்?"

"மிச்சம் வளரும். ரெண்டு மூணு மாசத்துல ஏறக்குறைய பழைய அளவுக்கு வந்துடும்."

"தானாவா?"

"தானா."

இதை நான் பாடப்புத்தகத்தில் படித்திருக்கிறேன். தேர்வில் ஐந்து மதிப்பெண்ணுக்கு எழுதியிருக்கிறேன். அன்றுதான் முதல் முறையாகக் கேட்டதுபோல் இருந்தது.

"அது மட்டும் நல்லா எடை போடட்டும்" என்றாள் அக்கா. டாக்டர் ஒரு கணம் விழித்துவிட்டுச் சிரித்தார். சிரித்தபடியே நாள்காட்டியை எடுத்து, வருகிற வியாழக்கிழமையைப் பேனாவால் சுற்றினார்.

வெளியே வந்து அத்தானுக்குப் போன் செய்தேன். அக்கா சுவரில் சாய்ந்து முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நான் எட்டு என்றேன், வியாழக்கிழமை என்றேன். ஏதாவது கிண்டல் வரும் என்று காத்திருந்தேன். இணைப்பு போய்விட்டதோ என்று போனை எடுத்துப் பார்த்தேன். விநாடிகள் ஓடிக்கொண்டுதான் இருந்தன.

"தராசம்மா" என்றார் கடைசியில். "அவ காலையிலேருந்து ஒண்ணும் சாப்பிடலயே, ஸ்கேனுக்குன்னு."

"ஆமா அத்தான்."

"மொதல்ல அவளுக்கு ஏதாவது வாங்கிக் குடும்மா."