வளையத்தில் ஒரு விரிசல்

பௌலோஸின் பழைய காரில் சக்கரம் பூட்டிச் சறுக்காமல் காக்கும் ஏபிஎஸ் பிரேக்கின் எச்சரிக்கை விளக்கு அணையவே இல்லை. வண்டி நிற்கப்போகும் நேரத்தில் பிரேக் மிதி கடகடவென்று அதிர்ந்தது. இரண்டு பட்டறைகளில் பிரேக்கின் கம்ப்யூட்டரையே மாற்றச் சொல்லிவிட்டார்கள்.

தொடுபுழை மெக்கானிக் லிஸம்மா ஸ்கேனரை மாட்டி, பக்கத்தில் உட்கார்ந்து, அவரை மெதுவாக ஓட்டச் சொன்னாள்.

“சேட்டா, மூணு சக்கரம் ஒழுங்கா வேகம் காட்டுது. முன்னால இடதுபக்கம் மட்டும் விட்டுவிட்டு பூஜ்யத்துக்கு விழுது.”

பட்டறைக்குத் திரும்பி, அந்தச் சக்கரத்தைத் தூக்கிக் கையால் சுழற்றினாள். உள்ளே பல்வளையத்தில் மயிரிழை போல ஒரு விரிசல்.

“சென்சார் இந்தப் பல்லை எண்ணித்தான் வேகம் சொல்லும். விரிசல் வந்ததும் எண்ணிக்கை தப்பி, சக்கரம் பூட்டிக்கிச்சுன்னு கம்ப்யூட்டர் ஏமாந்து பிரேக்கை விட்டுவிட்டுப் பிடிக்குது, அதான் மிதி அதிருது.”

புது வளையம் போட்டதும் விளக்கு அணைந்தது, மிதியும் அடங்கியது.

“உனக்கு இருக்கிறது கண்ணா, பூதக்கண்ணாடியா?” என்று வியந்தார் பௌலோஸ். மறுநாள் மச்சினனையும் அவன் காரோடு கூட்டிவந்தார்.